ஜான் பாயின்டெக்ஸ்டர்: போர்க்கப்பலிலிருந்து வெள்ளை மாளிகை வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1980-களில் அமெரிக்காவை உலுக்கிய ரகசிய ஆயுத விற்பனைச் சர்ச்சையான ஈரான்-கான்ட்ரா விவகாரம் என்று பேச்சை எடுத்தாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆலிவர் நார்த். மார்பு நிறையப் பதக்கங்களோடு தொலைக்காட்சியில் தோன்றிய அந்த லெப்டினன்ட் கர்னலுக்கு மேலதிகாரியாக இருந்தவரைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் பெயர்கூடத் தெரிவதில்லை. அந்த மேலதிகாரிதான் ஜான் பாயின்டெக்ஸ்டர். அவரைப் பற்றி நான் பேசிய இடங்களிலெல்லாம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யாருங்க இவர்? சுருக்கமா சொல்லுங்க.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1936-ல் இண்டியானா மாநிலத்தின் ஓடன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அதிபர் ரொனால்ட் ரீகனின் நான்காவது தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். 1985 டிசம்பர் 4 முதல் 1986 நவம்பர் 25 வரை, ஓர் ஆண்டுகூட முழுதாக நிறையாமல் அந்தப் பதவியில் இருந்தார். ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் பதவியை இழந்து, நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்று, மேல்முறையீட்டில் அதிலிருந்து விடுபட்டார். பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து மறுபடியும் அரசுப் பணிக்கு வந்து இன்னொரு பெரிய சர்ச்சையில் சிக்கினார்.

கடற்படைக்காரர் எப்படி அணு இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார்?

கடற்படையே படிக்க அனுப்பியது. அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் 1958-ல் தேறியவர்களில் இவர்தான் முதலிடம். மாணவர் படை முழுவதற்கும் தலைவராக இருந்தவரும் இவரே. படிப்பு, தலைமை இரண்டிலும் ஒரே ஆள் முதலிடம் பிடிப்பது அரிது. 1950-களின் கடைசியில் அணுசக்தி நீர்மூழ்கிகளும் ஏவுகணைகளும் வந்துகொண்டிருந்தன. அறிவியல் தெரிந்த அதிகாரிகளைக் கடற்படை தேடிய காலம் அது. அப்படித்தான் கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்லூரிக்குப் போனார். 1961-ல் நோபல் பரிசு பெற்ற ருடால்ஃப் மாஸ்பவர் அப்போது அங்கேதான் இருந்தார். அவருடைய குழுவில் ஆய்வு செய்து 1964-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆய்வேட்டின் பொருள், தூலியம் என்ற தனிமத்தின் சேர்மங்களில் மூடிய எலக்ட்ரான் கூடுகள் உட்கருவை வெளிப் புலத்திலிருந்து எப்படி மறைத்துக் காக்கின்றன என்பது. இவருடைய பிற்காலம் தெரிந்தவர்களுக்கு இந்தத் தலைப்பைப் படிக்கும்போது மனசு ஒரு கணம் நிற்கும்.

ஜான் மெக்கெயினும் இவரும் ஒரே வகுப்பாமே?

ஆமாம். பின்னாளில் செனட்டராகி அதிபர் தேர்தலிலும் நின்ற மெக்கெயின் அதே 1958 வகுப்புதான். 899 பேரில் அவருக்கு 894-ஆவது இடம். அதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

உண்மையிலேயே கப்பல் நடத்தினாரா, இல்லை மேஜை வேலைதானா?

இரண்டும் உண்டு. 1974 முதல் 1976 வரை 'இங்கிலாந்து' என்ற ஏவுகணைப் போர்க்கப்பலின் கேப்டன். (அந்தப் பெயர் நாட்டைக் குறிப்பது அல்ல. 1941-ல் பேர்ல் ஹார்பரில் உயிர்விட்ட ஜான் இங்கிலாந்து என்ற இளம் அதிகாரியின் பெயர்.) பிறகு நாசகாரிக் கப்பல்களின் அணி ஒன்றுக்கும் தலைமை வகித்தார்.

ஆனால் அவரை மேலே கொண்டுபோனது மேஜை வேலைதான் என்பது என் கணிப்பு. கடற்படைச் செயலர்களின் அலுவலகத்திலும், அப்புறம் கடற்படைத் தளபதி ஹாலோவேயின் அலுவலகத்திலும் நெருங்கிய உதவியாளராக இருந்தார். பெரிய மனிதர்களின் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, எந்தக் காகிதம் உள்ளே போகலாம், எது போகவேண்டாம் என்று தீர்மானிக்கும் வேலை அது. பேசாமல், சலிக்காமல், தவறில்லாமல் செய்தார். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரோடு வந்தது.

தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்னா அமைச்சர் மாதிரியா?

இல்லை. அமைச்சருக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும். இந்தப் பதவிக்கு வேண்டாம். 1947-ல் வந்த சட்டம் தேசியப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பை உருவாக்கியது. அதற்கு ஓர் ஆலோசகர் என்ற பதவி 1953-ல் ஐசன்ஹோவர் காலத்தில் வந்தது. வெளியுறவு, பாதுகாப்பு, உளவு ஆகிய துறைகளின் கருத்துகளைத் திரட்டி அதிபர் முன்னால் வைப்பதுதான் வேலை. படையும் கிடையாது, தனித் துறையும் கிடையாது. அதிபரின் காதுக்கு அருகே இருக்கும் இடம், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பது கீழே வரும் பதில்களில் தெரியும்.

சீருடையில இருந்துக்கிட்டே அந்தப் பதவி வகிக்கலாமா?

சட்டத்தில் தடை இல்லை. பாயின்டெக்ஸ்டர் பணியில் இருந்த வைஸ் அட்மிரலாகவே ஆலோசகர் ஆனார். அவருக்குப் பின் 1987-ல் வந்த காலின் பவலும் பணியில் இருந்த ராணுவ ஜெனரல்தான். மாறாக, 1975-ல் ஆலோசகரான பிரெண்ட் ஸ்கோகிராஃப்ட் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு ஸ்கோகிராஃப்ட் செய்ததே சரி என்று படுகிறது. சீருடையில் இருப்பவருக்கு அதிபர் என்பவர் தலைமைத் தளபதி. "ஐயா, இது வேண்டாம்" என்று சொல்லவேண்டிய நாற்காலியில், உத்தரவை நிறைவேற்றியே பழகிய ஆள் உட்காருவது இரு பக்கத்துக்கும் கஷ்டம். பவலைப் போல அதை நன்றாகச் செய்தவர்களும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

வெள்ளை மாளிகையில முதல் சில வருஷம் என்ன செய்தார்?

1981-ல் ராணுவ உதவியாளராக உள்ளே வந்தார். கணினி தெரிந்தவர் என்பதால் நெருக்கடி மேலாண்மை மையத்தை நவீனமாக்குவது, அலுவலகத்துக்கு மின்னஞ்சல் கொண்டுவருவது போன்ற வேலைகள் அவர் கைக்கு வந்தன. 1983 அக்டோபரில் ராபர்ட் மெக்ஃபார்லேன் ஆலோசகரானதும் இவர் துணை ஆலோசகர்.

அந்த மாதமே ஒரு சம்பவம். அமெரிக்கா கிரெனடா தீவுக்குப் படை அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தது. செய்தி கசிந்து ஒரு நிருபர் கேட்க, வெள்ளை மாளிகையின் செய்திப் பிரிவு பாயின்டெக்ஸ்டரிடம் விசாரித்தது. "அபத்தம், அழுத்தமாக மறுத்துவிடுங்கள்" என்ற பொருளில் பதில் வந்தது. அவர்களும் நம்பி மறுத்தார்கள். மறுநாள் விடியும்போது படைகள் கிரெனடாவில் இறங்கியிருந்தன. செய்திப் பிரிவில் இருந்த ஒருவர் அதற்காகவே பதவி விலகினார். படை நடவடிக்கையை ரகசியமாக வைப்பது நியாயம்தான். "எதுவும் சொல்வதற்கில்லை" என்றே சொல்லியிருக்கலாம். தன் பக்கத்து ஆட்களிடமே பொய் சொல்லி, அவர்கள் வாயால் நாட்டுக்கும் பொய் சொல்ல வைத்தது வேறு விஷயம். பாயின்டெக்ஸ்டரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நாள் போதும் என்று நினைக்கிறேன்.

நல்ல பக்கமும் உண்டு. 1985 அக்டோபரில் 'அகிலே லாரோ' என்ற இத்தாலியப் பயணக் கப்பலைக் கடத்தியவர்கள் எகிப்திய விமானத்தில் தப்பிப் போனபோது, அமெரிக்கப் போர் விமானங்கள் அதை நடுவானில் வழிமறித்து சிசிலியில் இறக்கின. சில மணி நேரத்தில் திட்டமிட்டு முடித்த அந்த வேலையில் இவருக்கும் நார்த்துக்கும் முக்கியப் பங்கு. வெள்ளை மாளிகையில் இருவர் மதிப்பும் எங்கேயோ போய்விட்டது.

ஈரான்-கான்ட்ரா, தலையும் புரியல வாலும் புரியல. என்னதான் நடந்தது?

இரண்டு தனித்தனிக் கதைகள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். முதல் கதை ஈரான். லெபனானில் அமெரிக்கர்கள் சிலர் பணயக் கைதிகளாகப் பிடிபட்டிருந்தார்கள். பிடித்து வைத்தவர்களிடம் ஈரானுக்குச் செல்வாக்கு இருந்தது. ஈரானுக்கு யாரும் ஆயுதம் விற்கக்கூடாது என்று அமெரிக்கா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. அதே அமெரிக்கா, கைதிகளை மீட்கலாம் என்ற நம்பிக்கையில் 1985-ல் இஸ்ரேல் வழியாகவும் 1986-ல் நேரடியாகவும் ஏவுகணைகளை ரகசியமாக ஈரானுக்கு விற்றது.

இரண்டாவது கதை நிகரகுவா. அங்கிருந்த இடதுசாரி அரசை எதிர்த்துச் சண்டையிட்ட கான்ட்ரா படையினருக்கு ரீகன் உதவ விரும்பினார். நாடாளுமன்றமோ 1984 அக்டோபரில் போலண்ட் திருத்தம் என்ற சட்டத்தால் அந்த ராணுவ உதவியை நிறுத்திவிட்டது. முடிச்சு இங்கேதான்: ஈரானுக்கு ஆயுதம் விற்றதில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி, நார்த் அமைத்த தனியார் ஏற்பாடு ஒன்றின் வழியாகக் கான்ட்ராக்களுக்குப் போனது.

1986 அக்டோபர் 5-ல் கான்ட்ராக்களுக்குச் சரக்கு கொண்டுபோன விமானம் நிகரகுவாவில் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த அமெரிக்கர் ஒருவர் உயிரோடு பிடிபட்டார். நவம்பர் 3-ல் லெபனான் பத்திரிகை ஒன்று ஈரான் ஆயுத விஷயத்தை வெளியிட்டது. அந்த மாத முடிவுக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

எல்லாம் நார்த் செய்தது. இவர் மேல ஏன் பழி?

நார்த் இவருடைய அனுமதியோடு செய்தார். லாபப் பணத்தைத் திருப்பிவிட ஒப்புதல் கொடுத்தது தான்தான் என்று பாயின்டெக்ஸ்டரே நாடாளுமன்ற விசாரணையில் சொன்னார். அதை வேறு யார் சொல்லியும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் கிட்டத்தில் பார்க்க இரண்டு சின்ன விஷயங்கள். நார்த்தின் மின்னஞ்சல்கள் அலுவலகத்தில் வேறு யார் கையிலும் படாமல் நேராகத் தனக்கு வர, பாயின்டெக்ஸ்டர் ஒரு தனித் தலைப்பு ஏற்பாடு செய்திருந்தார். தலைப்பு 'பிரைவேட் பிளாங்க் செக்'. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை! 1986 ஆகஸ்டில் நார்த் நாடாளுமன்ற உளவுக் குழு உறுப்பினர்களைச் சந்தித்து, கான்ட்ராக்களுக்குத் தான் ராணுவ உதவி எதுவும் செய்யவில்லை என்று உண்மைக்கு மாறாகச் சொன்னார். அந்தச் சந்திப்பின் அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பாயின்டெக்ஸ்டர் அனுப்பிய பதில் இரண்டே சொற்கள்: "வெல் டன்." கப்பலுக்குக் கப்பல் கொடியில் சொல்லிக்கொள்ளும் கடற்படைப் பாராட்டும் அதே சொற்கள்தான்.

அதிபர் கையெழுத்துப் போட்ட காகிதத்தையே கிழிச்சாராமே, நிஜமா?

நிஜம். தானே ஒப்புக்கொண்டார். 1985 டிசம்பரில் ரீகன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். அதற்கு முந்தைய மாதம் நடந்துவிட்ட ஏவுகணை அனுப்புதலுக்குப் பின்தேதியில் கொடுத்த அனுமதி அது. கைதிகளுக்கு ஈடாக ஆயுதம் என்பது அதில் பச்சையாகத் தெரிந்தது. அந்த ஒரே பிரதி பாயின்டெக்ஸ்டரின் பெட்டகத்தில் இருந்தது. 1986 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. அரசுத் தலைமை வழக்கறிஞர் எட்வின் மீஸ் விசாரணை தொடங்குகிறார் என்று தெரிந்தது. காகிதத்தை எடுத்துக் கிழித்து, மேஜைக்குப் பின்னாலிருந்த, எரிக்க வேண்டிய தாள்கள் போடும் கூடையில் போட்டார். அதிபருக்கு அரசியல் சங்கடம் வரும் என்பதால் செய்ததாகச் சொன்னார்.

அடுத்த சில நாள்களில் தன் கணினியிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களையும் அழித்தார். ஆனால் காப்பு நாடாக்களில் அவை பத்திரமாக இருந்தன. அந்த மின்னஞ்சல் முறையைக் கொண்டுவந்ததில் அவருக்கே பங்கு உண்டு. மேலே சொன்ன 'வெல் டன்' நமக்குத் தெரிவதே அந்த நாடாக்களின் புண்ணியத்தால்தான்.

அப்போ ரீகனுக்குத் தெரியுமா தெரியாதா?

கேள்வியை இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஈரானுக்கு ஆயுதம் விற்றது ரீகனுக்குத் தெரியும். 1986 ஜனவரி 17-ல் கையெழுத்திட்டு அனுமதித்தவரே அவர்தான். லாபம் கான்ட்ராக்களுக்குப் போனது தெரியுமா என்பதுதான் சிக்கல். 1987 ஜூலையில் நடந்த விசாரணையில், புகைக் குழாயும் கையுமாக உட்கார்ந்து, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் பாயின்டெக்ஸ்டர் சொன்னார்: அதிபரிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, கேட்டிருந்தால் அனுமதித்திருப்பார், வெளியே வந்தால் தனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியவேண்டும், பொறுப்பு என்னோடு நிற்கிறது.

அதிபர் மாளிகையில் காலங்காலமாக உள்ள வழக்கம், பொறுப்பு அதிபரோடு நிற்கிறது என்பதுதான். ட்ரூமன் தன் மேஜையிலேயே அப்படி ஒரு பலகை வைத்திருந்தார். ஓட்டு வாங்காத, செனட் ஒப்புதலும் தேவைப்படாத ஓர் ஆலோசகர் அந்தப் பலகையைத் தன் மேஜைக்கு மாற்றிக்கொண்டால், மக்கள் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது? அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மை என்றால் அது இன்னும் மோசம்.

தண்டனை கிடைச்சதா? ஜெயிலுக்குப் போனாரா?

தண்டனை கிடைத்தது, ஜெயிலுக்குப் போகவில்லை. 1990 ஏப்ரல் 7-ல் சதி, பொய் வாக்குமூலம், நாடாளுமன்ற விசாரணையைத் தடுத்தல் என ஐந்து குற்றச்சாட்டுகளிலும் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஆறு மாதச் சிறை. இந்த வழக்குக்காக முன்னாள் அதிபர் ரீகனே லாஸ் ஏஞ்சலஸில் வீடியோவில் சாட்சியம் கொடுத்தார். பல கேள்விகளுக்கு அவர் பதில் "நினைவில்லை".

1991 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. காரணத்தைக் கவனிக்கவேண்டும். 1987-ல் நாடாளுமன்றம், அவர் சொல்வதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்ற பாதுகாப்புக் கொடுத்துத்தான் பேச வைத்தது. அந்தப் பேச்சை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது, வழக்கின் சாட்சிகளும் பார்த்தார்கள். அது அவர்கள் சாட்சியத்தில் கலந்திருக்கலாம் என்றது நீதிமன்றம். 1992 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. குற்றம் செய்யவில்லை என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

புஷ் மன்னிப்புக் கொடுத்துதானே வெளிய வந்தார்?

இல்லை. இந்தத் தவறு நிறையப் பேரிடம் இருக்கிறது. 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதிபர் மூத்த புஷ் மன்னித்தது ஆறு பேரை. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வைன்பெர்கர், மெக்ஃபார்லேன் ஆகியோர் அதில் உண்டு. பாயின்டெக்ஸ்டரும் நார்த்தும் இல்லை. முந்தைய பதிலில் சொன்னபடி தீர்ப்பே ரத்தாகியிருந்ததால் மன்னிக்க எதுவும் மிச்சமில்லை.

சில இடத்துல வைஸ் அட்மிரல், சில இடத்துல ரியர் அட்மிரல். எது சரி?

இரண்டும் சரி. மூன்று நட்சத்திர வைஸ் அட்மிரல் தகுதி அவர் வகித்த பதவியோடு சேர்ந்தது. பதவி போனதும் இரண்டு நட்சத்திர ரியர் அட்மிரல் தகுதிக்குத் திரும்பி, 1987-ல் அப்படியே ஓய்வு பெற்றார்.

கடற்படைப் பழக்கம்தான் இவரைக் கெடுத்ததுன்னு சொல்லலாமா?

இதை என்னிடம் கேட்காத ஆளே இல்லை. பாதி ஒத்துக்கொள்கிறேன். கேப்டனைக் காப்பது, வாயைக் கட்டுவது, வேலையை முடிப்பது ஆகியவை கப்பலில் நல்ல குணங்கள். ஆனால் கப்பலில் இன்னொரு பழக்கமும் உண்டு. நடந்தது அத்தனையும் பதிவேட்டில் ஏறவேண்டும். கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தாலும் ஆபத்து என்றால் எழுப்பிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்ட காவல் அதிகாரியை எந்தக் கடற்படையும் பாராட்டாது. பாயின்டெக்ஸ்டர் பதிவேட்டைக் கிழித்தார், கேப்டனை எழுப்பவும் இல்லை. எனவே கடற்படைமேல் பழி போடுவது அந்தச் சீருடை போட்ட மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இவ்வளவுக்கு அப்புறமும் 2002-ல் அரசு எப்படித் திரும்பக் கூப்பிட்டது?

2001 செப்டம்பர் 11 தாக்குதல்தான் காரணம். ஓய்வுக்குப் பின் அவர் தனியார் நிறுவனங்களில் கணினித் தொழில்நுட்ப வேலைகளில் இருந்தார். பயங்கரவாதத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் மென்பொருள் பற்றிய யோசனைகள் அவரிடம் தயாராக இருந்தன. 2002-ல் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, புதிய தகவல் விழிப்பு அலுவலகம் ஒன்றை அமைத்து அவரையே தலைவராக்கியது. பயணம், கடன் அட்டை, மருத்துவம் எனச் சிதறிக் கிடக்கும் பதிவுகளில் சதியின் சுவடுகளைத் தேடும் அத்திட்டத்தின் பெயர் 'முழுமைத் தகவல் விழிப்பு'. சின்னம் இன்னும் விசேஷம்: பிரமிடின் உச்சியில் ஒரு கண், அது பூமிப் பந்தை உற்றுப் பார்க்கிறது. மக்கள் பயந்ததில் ஆச்சரியம் இல்லை. நாடாளுமன்றத்திடம் உண்மையை மறைத்தவர் கையில் நாட்டு மக்களின் பதிவுகளா என்று கேட்டார்கள். நானும் அதையே கேட்டிருப்பேன்.

அந்தத் திட்டத்தை நிறுத்திட்டாங்கதானே?

பெயரளவில் நிறுத்தினார்கள். 2003 ஜூலையில், மத்திய கிழக்கில் என்ன நடக்கும் என்று பந்தயச் சந்தைபோல் பணம் கட்டிக் கணிக்கும் ஒரு துணைத் திட்டம் இரண்டு செனட்டர்களால் அம்பலமானது. அடுத்த மாதம் பாயின்டெக்ஸ்டர் விலகினார். செப்டம்பரில் நாடாளுமன்றம் அந்த அலுவலகத்துக்கான நிதியை வெட்டியது.

அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். தேடுபவர் கண்ணுக்கு ஆள் பெயர் தெரியாமல் மறைப்பது, யார் என்ன தேடினார் என்று பதிவு செய்வது போன்ற தனியுரிமை ஆராய்ச்சிக்கும் அந்தத் திட்டத்தில் இடம் வைத்திருந்தார். நிதி வெட்டப்பட்டதும் தேடும் கருவிகளில் சில, பெயர் மாறி, ரகசிய நிதியில், உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் பக்கம் போய்ச் சேர்ந்தன. தனியுரிமை ஆராய்ச்சியைத்தான் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.